வெள்ளை இலை என்ன சாப்பிடும்?

அன்புள்ள ஐயா,

புனலூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். பிறந்த வீடு தென்காசி. சில வருடங்களாக வெள்ளையும் மஞ்சளும் கலந்த இலைச் செடிகளைச் சேர்த்து வருகிறேன். மணி பிளான்டில் நாலு வகை, பெகோனியா, குரோட்டன்ஸ், பாம்புச் செடி எல்லாம் இருக்கின்றன. போன ஆண்டு திருச்சூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து 4,500 ரூபாய்க்கு வெள்ளை மான்ஸ்டெரா வரவழைத்தேன். உச்சியில் கடைசியாக விட்ட இரண்டு இலைகள் முழு வெள்ளை. தெருவே வந்து பார்த்தது. ஆனால் கீழ்க்கணுவில் கிளைத்த தண்டு வெறும் பச்சையாகவே இலை விடுகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? அந்தப் பச்சைத் தண்டை வெட்டி எறியலாமா? பாம்புச் செடியின் இலையைத் துண்டு போட்டு நட்டேன். வந்த குட்டிகளில் மஞ்சள் கரையே இல்லை. "குறையைக் காசு கொடுத்து வாங்குகிறாய்" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். எனக்கோ, வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாக இருக்கும் எங்களைப் போலத்தான் இந்த இலைகளும் என்று தோன்றுகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

செடி வளர்ப்புக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கு விவசாயக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் படத்தில் அந்த இரண்டு வெள்ளை இலைகளைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று கேட்காமலே அழகை மெச்சும் பழக்கத்தைப் பற்றி வேறொரு கட்டுரைக்காக யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நர்சரிக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. செடியின் குணமே அதுதான். பாம்புச் செடியில் மஞ்சள் கரையுள்ள வகையை இலைத்துண்டு வைத்து வளர்த்தால் கரை போய்விடும். மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கோடு பிரித்து நட்டால்தான் தங்கும். குரோட்டன்ஸுக்கு நல்ல வெயில் காட்டுங்கள், நிறம் தானாக வரும். வீட்டுக்காரரின் கேலிக்கு என்னிடம் மருந்து இல்லை.

தமிழ், மலையாள உவமையை விட்டுவிடுங்கள். மேடையில் கைதட்டல் வாங்கும், செடிக்கு உதவாது. உங்களுக்கு இரண்டு மொழிகளும் சோறு போடுகின்றன. அந்த இலையில் ஒரு பாதிதான் சமைக்கிறது, மறு பாதி உட்கார்ந்து சாப்பிடுகிறது.

இதைத்தான் சொல்ல வந்தேன். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. வெயில் பட்டாலும் அதனால் தனக்கென்று எதையும் தயாரிக்க முடியாது. பக்கத்துப் பச்சை தருவதை வாங்கித்தான் அது உயிரோடு இருக்கிறது. அந்தச் செடியின் குருத்து நுனியில் இரண்டு விதமான செல்கள் கலந்து கிடக்கின்றன. எந்தக் கணுவில் எது கூடுதலாகப் போய்ச் சேர்கிறதோ அதைப் பொறுத்து அடுத்த கிளை பச்சையாகவோ வெள்ளையாகவோ இரண்டும் கலந்தோ வரும். பச்சை மட்டும் போய்ச் சேர்ந்த கிளை மளமளவென்று வளரும். வெள்ளை மட்டும் போய்ச் சேர்ந்தது உங்கள் தெருவே பார்த்த அந்த உச்சி.

கார்ல் காரன்ஸ் என்று ஒரு ஜெர்மானியத் தாவரவியலாளர். 1900இல் மெண்டலின் மரபு விதிகளை உலகத்துக்கு மறுபடியும் எடுத்துக் காட்டிய மூவரில் ஒருவர். அவர் 1909இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். எந்தச் செடியில் தெரியுமா? நம் கிணற்றடி அந்திமந்தாரையில். உங்கள் புனலூரில் நாலுமணிப்பூ. அதில் ஒரே செடியிலேயே பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, இரண்டும் கலந்த கிளை என்று விடும் வகை ஒன்று உண்டு. பச்சைக் கிளையில் பூத்த பூவின் விதை பச்சைக் கன்றாக வந்தது. கலந்த கிளையின் விதைகளில் மூன்று வகையும் வந்தன. வெள்ளைக் கிளையின் விதை முளைத்தது, வெள்ளைக் கன்றாகவே எழுந்தது, விதைக்குள் இருந்த இருப்பு தீர்ந்ததும் செத்தது. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை. தாய்க்கிளை எதுவோ அதுதான் கணக்கு. மரபியல் படிப்பவர்கள் இதைத் தாய்வழி மரபுக்கு உதாரணமாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் மனத்தில் நிற்பது அந்த வெள்ளைக் கன்றுதான். செடியில் கிளையாக இருந்தவரை பச்சை அதற்கு ஊட்டியது. தனியாக வந்ததும் ஊட்ட ஆள் இல்லை.

நீங்கள் சேர்க்கும் செடிகளின் சந்தை என்ன செய்கிறது? வெள்ளை கூடக் கூட விலையைக் கூட்டுகிறது. 2021இல் நியூசிலாந்தில் வெள்ளை விழுந்த ஒரு தொட்டிச் செடி இணைய ஏலத்தில் 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. பிங்க் காங்கோ என்று ஒன்றை விற்றார்கள். ரசாயனத்தின் தயவில் ரோஸாக இருந்த இலைகள் சில மாதங்களில் பச்சைக்குத் திரும்பின. செடி எதனால் அப்படி இருக்கிறது என்று கேட்காமல் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் இதுதான் கிடைக்கும். உங்கள் பெகோனியாவின் வெள்ளிப் புள்ளிகளில் பட்டினி இல்லை. மேல்தோலுக்கு அடியில் காற்று தங்கியிருப்பதால் அப்படி மின்னுகிறது, கீழே பச்சை பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து ஒரே பெயரால் கூப்பிடுகிறீர்கள்.

என் தாய்மாமா ஆரியங்காவுக்கு அப்பால், தென்மலைப் பக்கம் மரச்சீனி, அதாவது மரவள்ளி, போட்டிருந்தார். 1956க்கு முன்பு செங்கோட்டையும் அதுவும் ஒரே திருவிதாங்கூர் என்பதால், எல்லை என்பதை அவர் கடைசிவரை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு என்று பெருமையாகச் சொல்வார். மரச்சீனியில் இலை மஞ்சளடிக்கும் தேமல் நோய் வரும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. நோய் கண்ட கம்பை நட்டால் புதுச் செடிக்கும் கூடவே வரும். கிழங்கு பறித்த பிறகு எல்லாக் கம்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் இலை இருக்கும்போதே வரப்பு வரப்பாக நடந்து, தெளிவான இலையுள்ள மூடுகளில் மட்டும் வாழைநாரைக் கட்டிவைப்பார். நார் கட்டாத மூட்டிலிருந்து ஒரு கம்பைக்கூட அடுத்த நடவுக்கு எடுக்க மாட்டார்.

அதே மனிதர் வீட்டு நடையோரம் ஒரு மஞ்சள் மரச்சீனியை அழகுக்காக வளர்த்தார். காட்டில் மஞ்சளை ஒதுக்கிவிட்டு வாசலில் வைத்திருக்கிறாரே என்று ஊரே சிரித்தது. அவர் இரண்டு இலைகளைப் பறித்து என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாசல் இலையில் ஒவ்வொரு விரலின் நடுநரம்பை ஒட்டியும் மஞ்சள் வழிந்திருந்தது, ஓரம் முழுக்கப் பச்சை, இலை தட்டையாக நீண்டிருந்தது, காம்பு சிவப்பு. காட்டு இலையில் மஞ்சளுக்கு ஓர் ஒழுங்கும் இல்லை. விரல்கள் ஒரு பக்கமாக முறுக்கி, சுருங்கி, ஒன்று நீளம் ஒன்று குட்டையாக இருந்தன. "இது பிறவி, அது சீக்கு. கண்ணைத் திறந்து பார்" என்றார். அவருக்கு வைரஸ் என்ற சொல் தெரியாது.

உங்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்தக் கண்ணைத்தான் அம்மா. உங்களுக்கு ரசனை இருக்கிறது, பொறுமை இருக்கிறது, பாம்புச் செடியின் குட்டிகளில் கரை இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் ஊட்டுகிற கிளையை வெட்டி எறியலாமா என்று கேட்டால் கோபம் வராதா?

முதலில் வெட்ட வேண்டியது வெள்ளை உச்சியை. இரண்டும் கலந்த கடைசி இலை எந்தக் கணுவில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கணுவின் மொட்டை ஒட்டித் தண்டில் வெள்ளைக் கோடும் பச்சையும் சேர்ந்து ஓட வேண்டும். அதற்குச் சற்று மேலே சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய வெள்ளைத் துண்டைத் தண்ணீரில் போட்டுப் பிழைக்கவைக்கப் பார்க்காதீர்கள். பச்சைத் தண்டு அதுவரை இருக்கட்டும். கலந்த கிளை வந்து இரண்டு மூன்று இலை விட்ட பிறகு பச்சைத் தண்டை எடுத்துக்கொள்ளலாம். விட்டுவைத்தால் செடி முழுவதையும் அதுவே பிடித்துவிடும், அந்த அளவில் உங்கள் பயம் சரி. எடுத்ததைத் தனித் தொட்டியில் வையுங்கள், நன்றாக வரும். தென்காசிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கணவாய்க்கு இந்தப் பக்கம் காற்று வறண்டது. கலந்த செடியை அனுப்பாதீர்கள், வெள்ளை ஓரங்கள் கருகிவிடும்.

அப்புறம், படத்தில் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீர் நிற்கிறது. வேர் அழுகிவிடும். கத்தியைத் தேடுவதற்கு முன்னால் எழுந்துபோய் அதைக் கொட்டுங்கள்.