மகிழ்ந்த மனம் சரிபார்க்குமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும், ‘பாசிட்டிவாக இருங்கள், வழி தானாகத் தெரியும்’ என்கிறார் மேலாளர். மகிழ்ச்சியாக இருந்தால் உண்மையிலேயே நன்றாக யோசிக்க முடியுமா?

பதில்: வழி தோன்றுவதற்கு மகிழ்ச்சி உதவும். தோன்றிய வழி சரிதானா என்று சோதிப்பதற்கும் அது உதவும் என்று உங்கள் மேலாளர் நினைத்தால், அவர் பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்.

அந்தப் பாதிக்கு நல்ல சான்று உண்டு. ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறைய டிராயிங் பின்கள் ஆகியவற்றை மட்டும் கொண்டு, மெழுகு கீழே சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்தி எரிய வைக்க வேண்டும் என்பது கார்ல் டங்கர் என்ற உளவியலாளர் வகுத்த புதிர். பின்களைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்தினால் வேலை முடிந்தது. ஆனால் அது பின் வைக்கிற பெட்டி என்று மனத்தில் பதிந்துவிட்டால், அதையே தாங்கியாக்கலாம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. ஆலிஸ் ஐசனும் அவருடைய சகாக்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைப் படத்துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர்களில் 75 சதவீதம் பேர் இப்புதிரை விடுவித்தார்கள். உணர்ச்சியைத் தொடாத படத்தைப் பார்த்தவர்களில் 20 சதவீதம் பேரே விடுவித்தார்கள். உடற்பயிற்சி தந்த வெறும் சுறுசுறுப்புக்கு இந்தப் பலன் இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

மறுபாதி அவ்வளவு இனிப்பானதல்ல. கேலன் போடன்ஹாசன் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சியூட்டப்பட்டவர்கள் ஒரு மாணவர்மீதான குற்றச்சாட்டை எடைபோடும்போது, அவர் சார்ந்த சமூகக் குழுவைப் பற்றிய முன்முடிவுக்கு மற்றவர்களைவிட அதிகமாக இடம் கொடுத்தார்கள். அதேசமயம், தீர்ப்புக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்தபோது அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. அதாவது, யோசிக்கும் திறன் குறைந்துவிடவில்லை, யோசிக்க வேண்டிய அவசியம் இருப்பதாகத்தான் அவர்களுக்குத் தோன்றவில்லை. சிறு மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைப் பரிசாகப் பெற்ற மருத்துவர்கள், நோயைக் கணிக்கும்போது முதலில் தோன்றிய எண்ணத்தையே பிடித்துக்கொண்டு தொங்கவில்லை என்று ஐசன் பங்கேற்ற மற்றோர் ஆய்வு காட்டியதும் இதோடு முரண்படவில்லை. கணிப்புக்குத் தாமே பொறுப்பு என்பது மருத்துவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டாத விஷயம்.

ஆகவே, புது யோசனை தேவைப்படும் கூட்டத்தில் சிரிப்பு இருக்கட்டும். ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் கணக்கின் கூட்டல்களையும் பார்க்கிற நேரத்தில், பிழைக்கு யார் பதில் சொல்வது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். இன்னொன்றையும் உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்: நான் குறிப்பிட்ட சோதனைகளில் யாரும் யாரையும் ‘மகிழ்ச்சியாக இரு’ என்று ஏவவில்லை. படம் காட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள்; அவர் எதைக் கொடுக்கிறார்?