கோல்ஃப் மட்டை வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், வயது 61. கூட வேலை பார்த்தவர்கள் இழுத்துக்கொண்டு போனதில் கோல்ஃப் பைத்தியம் பிடித்துவிட்டது, இரவல் மட்டையில் ஆடிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் சேர்ந்து ஒரு செட் வாங்கித் தரலாம் என்று பார்த்தால் பிங், கேலவே, டெய்லர்மேட், மிசுனோ என்று ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். எதுதான் நல்ல கம்பெனி? (தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: நாலுமே நல்ல கம்பெனிதான் அக்கா, அதுதான் சிக்கலே. இந்தப் பெரிய பெயர்களில் பலவற்றின் மட்டைத் தலைகள் தைவான், சீனா, வியட்நாம் பக்கத்துத் தொழிற்சாலைகளில்தான் தயாராகின்றன, இரும்பின் தரத்தில் ஒன்று உசத்தி இன்னொன்று மட்டம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. போதாததற்கு கோல்ஃப் விதி வேறு எல்லோர் கையையும் ஒரே மாதிரி கட்டிவைத்திருக்கிறது. டிரைவர் (தொடக்க நெடு அடிக்கான பெரிய மட்டை) தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதன் முகம் (பந்தில் படும் பக்கம்) பந்தை எவ்வளவு துள்ளவைக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு, பெரிய கம்பெனிகள் எல்லாமே அந்த வரம்பை ஒட்டித்தான் நிற்கின்றன. 'போன வருஷ மாடலைவிட 15 மீட்டர் கூடுதல்' என்கிற விளம்பரங்களை எல்லாம் வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே வந்தால் நம்ம டர்பன் பீனிக்ஸில் அடித்த பந்து இந்நேரம் பக்கத்து ஊர் வெருலத்தில் போய் விழுந்திருக்க வேண்டும்!

ஆனால் கம்பெனிகளுக்குள் வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய தலைவலியில் பிறந்தது, அந்தக் குணம் இன்னும் போகவில்லை. பிங்கை ஆரம்பித்த கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலக்ட்ரிக்கில் எஞ்சினியர். நாற்பது வயதுக்கு மேல்தான் கோல்ஃப் ஆடத் தொடங்கினார், கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், பந்தை உருட்டி குழிக்குள் விடுவது மட்டும் அவருக்கு வரவே இல்லை. பந்து நடுவில் படாவிட்டால் மட்டைத் தலை கைக்குள்ளேயே திரும்பிவிடுகிறது, அதனால் எடையை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரங்களுக்கும் கொண்டுபோனால் திரும்பாது என்று கணக்குப் போட்டு, 1959இல் தன் வீட்டு கராஜில் ஒரு பட்டர், அதாவது பந்தை உருட்டும் மட்டை, செய்தார். அடித்தால் 'பிங்' என்று சத்தம் வந்தது, அதுவே பேராகிவிட்டது. 1966இல் அவர் கொண்டுவந்த ஆன்சர் என்ற பட்டரின் வடிவத்தை இன்றைக்கு எந்தக் கடை அலமாரியிலும் வேறு வேறு பெயர்களில் பார்க்கலாம். அதே 'ஓரத்தில் எடை' யோசனையை அவர் அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்புத் தலை) மட்டைகளுக்கும் கொண்டுபோனார். நடுவில் படாத அடியையும் ஓரளவு காப்பாற்றிக் கொடுப்பதுதான் அந்தக் கம்பெனியின் வேலை, இன்றுவரை.

டெய்லர்மேட்டை 1979இல் தொடங்கிய கேரி ஆடம்ஸ், மரத்தில் செய்துகொண்டிருந்த டிரைவரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வார்த்துப் பார்த்தவர். துணி மில்லிலும் திராட்சைத் தோட்டத்திலும் காசு பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர் ஈலி கேலவே. அவருடைய கம்பெனி 1991இல் பிக் பெர்த்தா என்று முதல் உலகப்போர் பீரங்கியின் பேரை வைத்து ஒரு பெரிய தலை டிரைவரை இறக்கியது. அன்றைக்குப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், இன்றைய டிரைவர் பக்கத்தில் வைத்தால் அது பொடியன். இந்த இரண்டு கம்பெனியும் தூரத்தை விற்பவை, வருஷத்துக்கு ஒரு புது மாடல், அடுத்த வருஷம் பழசுக்கு விலை சரிவு (செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது). மிசுனோ என்றால் ஃபோர்ஜ்ட் அயர்ன், அதாவது மென்மையான கார்பன் ஸ்டீலை அடித்து உருவாக்கியது, ஜப்பானில் ஹிரோஷிமா பக்கம் செய்கிறார்கள். சரியாகப் பட்டால் கைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், படாவிட்டால் முழங்கை வரைக்கும் தெரியும். டைட்லிஸ்ட்டில் பாப் வோக்கி வடிவமைக்கும் வெட்ஜுகளும் (கிட்டத்தில் பந்தை உயர எழுப்பும் மட்டைகள்) ஸ்காட்டி கேமரன் பட்டர்களும் பேர்போனவை, 61 வயதில் ஆரம்பிக்கிற மனிதருக்கு இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். ஸ்ரிக்சான், கிளீவ்லாண்ட், சிக்ஸியோ மூன்றும் சுமிட்டோமோ ரப்பர் என்ற ஒரே ஜப்பான் கம்பெனியின் பிள்ளைகள். நம்ம லேடிஸ்மித்தில் டன்லப் டயர் செய்கிறார்களே, அவர்களேதான். சிக்ஸியோ வேகம் குறைந்த, வயதான கைகளுக்கென்றே இலேசாகச் செய்வது. விலை கொஞ்சம் மிரட்டும், ஆனால் உங்கள் வீட்டுக்காரரைப் போன்றவர்களை மனதில் வைத்துச் செய்த மட்டை அது.

இதற்கெல்லாம் மேலே முக்கியமானது ஷாஃப்ட், அதாவது தண்டு. தலையில் எந்தப் பேர் இருந்தாலும் தண்டு விறைப்பாக இருந்தால் பந்து எழும்பாது, வலது பக்கமாக ஒழுகிப் போகும். ரெகுலர், ஸ்டிஃப், சீனியர் என்று அதில் எழுதியிருப்பதற்குப் பொது அளவு ஒன்றுமே கிடையாது, ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் அளவுக்கு விறைக்கும். அதனால் பேரைப் படிக்காமல் அடித்துப் பார்த்து வாங்க வேண்டும். டிரைவர் தலை மணிக்கு 135 கிலோமீட்டருக்குக் கீழேதான் போகிறது என்றால் ரெகுலர் அல்லது சீனியர், அயர்னிலும் கிராஃபைட் தண்டு. தோள்பட்டை நன்றி சொல்லும்.

என்ன வாங்கலாம் என்று கேட்டால் இதுதான் என் யோசனை. பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கக் கூடாது என்றுதான் விதி, குறைந்தது இத்தனை என்று எங்கேயும் இல்லை. டிரைவர் ஒன்று (லோஃப்ட், அதாவது முகம் பின்னால் சாயும் கோணம், 12 டிகிரிக்குக் குறையாமல்), ஒரு ஃபேர்வே வுட் (தரையிலிருந்து நெடுந்தூரம் அடிக்க), இரண்டு ஹைப்ரிட் (வுட்டும் அயர்னும் கலந்தது), 6இலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை அயர்ன், ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர். எண் சின்னதாக ஆகத் தூரமும் கூடும், அடிப்பதும் கஷ்டம், அதனால் 3, 4 அயர்னை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாலைந்து வருஷம் பழைய மாடலாக, பின்பக்கம் குழிந்த கேவிட்டி பேக் அயர்னாகப் பாருங்கள், புது டிரைவர் ஒன்றே பத்தாயிரம் ராண்டைத் தாண்டுகிற காலத்தில் அந்தக் காசில் முழு செட்டும் முடிந்துவிடலாம். மிச்சம் இருந்தால் ஒரு நல்ல கோச்சிடம் கொடுங்கள். அப்புறம் ஒன்று, ஆச்சரியமாக வாங்கி வந்து நீட்டாதீர்கள், அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உயரத்தையும் மணிக்கட்டிலிருந்து தரைவரை உள்ள அளவையும் எடுக்காமல் வாங்குகிற செட் யாருக்கும் பொருந்தாது.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா கோல்ஃப் மைதானத்தில் கேடியாக (ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக) இருந்தவர். அவர் விட்டுப்போன பிங் ஐ 2 அயர்ன் செட் பரணில் இருந்தது. இதைத் துடைத்து ஆடலாமா, விற்றுவிடலாமா? என் நண்பனின் புது 7 அயர்ன் என்னுடையதைவிட ஒன்றரை எண் சின்ன மட்டை அளவுக்குக் கூடுதல் தூரம் போகிறதே, பழசு என்பதாலா? (டொங்காட், வயது 24)

பதில்: விற்காதே தம்பி. ஐ 2 என்பது 1982இல் வந்து, இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிக அதிகமாக விற்ற அயர்ன் செட்களில் ஒன்றானது. வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம்ம டர்பன் கடற்காற்றுக்குக்கூட அசைந்து கொடுக்காது. அதன் முகத்துக் கோடுகள் விதிக்கு ஒத்தவையா என்று 1980களின் கடைசியில் அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்துக்கும் பிங்குக்கும் பெரிய வழக்கே நடந்தது. 1990இல் சமரசமாகி, அந்த ஆண்டு ஏப்ரல் 1க்கு முன்னால் செய்த ஐ 2 மட்டைகள் செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சமரசத்தைப் பிடித்துக்கொண்டு 2010இல் அமெரிக்க வீரர் ஃபில் மிக்கெல்சன் பழைய ஐ 2 வெட்ஜை அமெரிக்கப் போட்டியில் எடுத்து ஆடி ஒரு சண்டையைக் கிளப்பிவிட்டார், அவ்வளவு ஆயுசு அந்த மட்டைக்கு.

தலையில் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும், பார். கறுப்பு என்றால் சாதாரண கோணம். நீலம், பச்சை என்றால் மட்டை நிமிர்ந்து நிற்பது, சிவப்பு, ஆரஞ்சு என்றால் படுத்திருப்பது. தாத்தாவுக்குப் பொருந்திய புள்ளி உனக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. நீ குட்டையாக இருந்து மட்டை நிமிர்ந்ததாக இருந்தால் பந்து இடப்பக்கமே போய்க்கொண்டிருக்கும், நீ உன் ஆட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். கிரிப்பை மட்டும் உடனே மாற்று, அத்தனை வருஷத்து ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும்.

நண்பனின் தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. அந்தக் காலத்து 7 அயர்னின் லோஃப்ட் 35 டிகிரிக்குக் குறையாது. இன்று ஆரம்பக்காரர்களுக்கு விற்கிற செட்களில் 28, 30 டிகிரி வைக்கிறார்கள், அது உன் பையில் இருக்கிற 5, 6 அயர்ன்தான், அடியில் 7 என்று பொறித்திருக்கிறது. தலையின் அடிப்பாகத்தில் எடையை இறக்கிப் பந்து உயரம் எழும்பச் செய்வதால் இது ஓரளவு நியாயமும்கூட, முழு ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு: அவனுடைய பிட்சிங் வெட்ஜ் 42, 43 டிகிரியாக இருக்கும், அதற்கும் 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் பெரிய ஓட்டை விழும், அதை அடைக்க இன்னொரு வெட்ஜை காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். ஆக யாருடைய மட்டையை ஒப்பிட்டாலும் எண்ணை விட்டுவிட்டு டிகிரியைக் கேள். கம்பெனி இணையதளங்களில் ஒவ்வொரு மாடலுக்கும் போட்டிருப்பார்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒருவரிடம் புத்தம் புது டிரைவர் ஒன்று கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கினேன். அடித்தால் சத்தம் தகர டப்பா மாதிரி வருகிறது, கிளப்பில் எல்லோரும் போலி என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: விலையே பாதி பதிலைச் சொல்லிவிட்டது சார். கழுத்துப் பகுதியில் இருக்கும் சீரியல் எண்ணைக் கம்பெனியின் உள்ளூர் ஏஜென்சிக்கு அனுப்பிக் கேளுங்கள். வீட்டிலேயே செய்யக்கூடியது காந்தம். டைட்டானியத்திலும் கார்பனிலும் காந்தம் ஒட்டாது, முகத்தில் வைத்து ஒட்டிக்கொண்டால் அது இன்றைய நல்ல டிரைவர் கிடையாது. ஒட்டவில்லை என்பதால் அசல் என்று முடிவு செய்துவிடாதீர்கள், அடியில் திருகி வைத்திருக்கும் எடையில் ஒட்டுவதையும் கணக்கில் எடுக்காதீர்கள், அங்கே எஃகு இருக்கலாம்.

பணம் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. வியாபாரமாகச் செய்கிறவர் என்றால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், ரிப்பேரா, மாற்றா, பணமா என்பதை முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் அல்ல. 'விற்ற பொருள் திரும்ப வாங்கப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதற்கு இந்த விஷயத்தில் மதிப்பில்லை. நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) புகார் கொடுக்கலாம். கார்டில் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். ஆனால் தன் பழைய மட்டையை விற்கிற தனிமனிதர் என்றால் அந்தச் சட்டம் எட்டாது. அவரிடம் வாங்குகிறபோது பில், சீரியல் எண், நேரில் பார்ப்பது மூன்றும் இல்லாமல் பணத்தை நகர்த்தக் கூடாது. போலி என்று தெரிந்தபின் அதை இன்னொருவர் தலையில் கட்டிவிட வேண்டாம், அது 1997ஆம் ஆண்டின் போலிப்பொருள் சட்டப்படி குற்றம்.

இதோடு இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. குறையே இல்லாத பொருளைக்கூட, ஆன்லைன் கடையில் வாங்கியிருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆனால் உங்கள் அளவுக்கென்று நீளம், கோணம், கிரிப் எல்லாம் சொல்லிச் செய்யவைத்த மட்டைக்கு இந்த உரிமை கிடையாது. அதனால் அளவு சொல்லி ஆர்டர் போடுவதாக இருந்தால் முதலில் அதே தலையையும் தண்டையும் கடையில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் வலதுகைக்காரன், ஆனால் சின்ன வயதிலிருந்து இடதுகையைக் கீழே வைத்துத்தான் மட்டையைப் பிடிக்கிறேன். இதற்கென்று தனி மட்டை உண்டா? கோச் மாற்றச் சொல்கிறார். (மெரேபேங்க்)

பதில்: நம்ம டர்பன் கோல்ஃப் வீரர் பாப்வா சேவ்கோலம் அப்படித்தான் பிடித்தார்! அதே பிடியில் டச்சு ஓபனை 1959, 1960, 1964 என்று மூன்று முறை ஜெயித்தார், 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நட்டால் ஓபனை ஜெயித்தார், இந்தியர் என்பதால் உள்ளே விடாமல் மழையில் நிறுத்திவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள், 1965இல் அதே போட்டியில் உலகப் பேர் பெற்ற வீரர் கேரி பிளேயரையே முந்தினார். ஆகவே கோச்சிடம் சண்டை போட வேண்டாம், சிரித்துவிட்டு இதைச் சொல்லுங்கள். சாதாரண வலதுகை மட்டைதான் உங்களுக்கும். கிரிப் மேலே தடிப்பாகவும் கீழே ஒல்லியாகவும் வரும். உங்களுக்குக் கீழ்க்கைப் பக்கமும் தடிப்பு குறையாத வகை சௌகரியமாக இருக்கும், கடையில் கேட்டால் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுப்பார்கள்.

கேள்வி: ஜோஹன்னஸ்பர்கில் மகன் வீட்டுக்குப் போகிறேன், அங்கே பெரிய கடைகளில் அளந்து வாங்கிவரலாமா? (ஸ்டாங்கர்)

பதில்: வாங்கலாம், ஆனால் அந்த ஊர் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே, காற்று மெலிசு, பந்து எல்லாருக்கும் கூடுதலாகப் பறக்கும். அங்கே திறந்த மைதானத்தில் கண்ட தூரத்தை நம்பி லோஃப்ட் முடிவு செய்யாதீர்கள், அளக்கும் கருவியில் கடல் மட்டத்துக்கு மாற்றி எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். வெட்ஜ் வாங்கும்போது முலாம் பூசாத இரும்பைத் தள்ளுபடியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், நம்ம கடற்கரைக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவால் ஆட்டம் கெடாது என்றாலும் பார்க்கச் சகிக்காது என்றால் குரோம் பூசியதையே கேளுங்கள்.