காபிக்கு ஐனென், பியருக்கு ஐன்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த புதிதில் பேக்கரியில் “ஐன் கஃபே” (ஒரு காபி) என்று கேட்டீர்கள். கடைக்கார அம்மாள் “ஐனென் கஃபே, கெர்ன்” என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஊற்றிக் கொடுத்தார். அவர் திருத்தினாரா, சும்மா சொன்னாரா? உயிரில்லாத பண்டத்துக்கெல்லாம் பால் எதற்கு, அதை எப்படி மனப்பாடம் செய்வது?

திருத்தினார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பலர் அப்படித்தான் செய்வார்கள். குற்றம் சொல்லாமல் சரியான வடிவத்தை மட்டும் ஒருமுறை காதில் போட்டுவிடுவார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் பாடம், வருத்தப்பட ஒன்றுமில்லை.

வேற்றுமை நமக்குப் புதிதல்ல. நம்மிடம் எட்டு இருக்கின்றன, ஜெர்மனில் நான்குதான். நாம் உருபைச் சொல்லின் வாலில் ஒட்டுகிறோம், அவர்கள் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் வரும் ஆர்ட்டிக்கிளில், அதாவது “ஒரு”, “அந்த” போன்ற சிறு சொல்லில், காட்டுகிறார்கள். பிறகு ஏன் தமிழர்கள் இந்த “ஐனென்” விஷயத்தில் சறுக்குகிறோம்? என் கணிப்பு இது: நாம் “காபி குடித்தேன்” என்றுதான் சொல்வோம், “காபியைக் குடித்தேன்” என்று வழக்கமாகச் சொல்வதில்லை. அஃறிணைப் பொருளுக்கு இரண்டாம் வேற்றுமை உருபைத் தொக்கி நிற்கவிடுவது நம் பழக்கம். ஜெர்மன்காரரோ அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

பால்தான் உண்மையான தலைவலி. நமக்கு இட்லியும் பியரும் ஒரே அஃறிணை. இங்கே காபி ஆண்பால், குடிக்கிற பால் பெண்பால், தண்ணீர் நடுப்பால். காரணம் தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும்.

வகுப்பில் “டேர் கஃபே, டீ மில்ஷ், டாஸ் வாஸர்” என்று எழுதிப் படிக்கச் சொல்வார்கள்: ஆண்பாலுக்கு டேர், பெண்பாலுக்கு டீ, நடுப்பாலுக்கு டாஸ். தவறில்லை. ஆனால் கடையில் யாரும் “டேர் கஃபே” என்று கேட்பதில்லை. நீங்கள் ஒன்றை வாங்கப் போகிறீர்கள், அதனால் எப்போதும் இரண்டாம் வேற்றுமைதான். எழுவாயாக நிற்கும்போது “ஐன் கஃபே”, “ஐன் பியர்” இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். எது ஆண்பால், எது நடுப்பால் என்று காது பிரித்தறியாது. வாங்கும்போது பாருங்கள்: ஐனென் கஃபே, ஐனெ கோலா, ஐன் பியர். மூன்றும் மூன்று விதம். நடுவில் “சின்ன” என்று ஒரு அடைமொழியைப் போட்டால் இன்னும் துலக்கம்: ஐனென் க்ளைனென் கஃபே, ஐனெ க்ளைனெ கோலா, ஐன் க்ளைனெஸ் பியர்.

ஆகவே என் யோசனை ஒன்றே. குறிப்பேட்டில் டேர், டீ, டாஸ் எழுதுவதை விட்டுவிட்டு, வாங்கும் வாக்கியத்தையே எழுதுங்கள். “இஷ் ஹெட்டெ கெர்ன் ஐனென் க்ளைனென் கஃபே உண்ட் ஐனெ புட்டர்ப்ரேட்ஸெல்”, அதாவது எனக்கு ஒரு சின்னக் காபியும், வெண்ணெய் தடவிய ஒரு ப்ரேட்ஸெலும் (முடிச்சு வடிவ ரொட்டி) வேண்டும். நாளைக் காலையிலேயே பயன்படும். பாலும் வேற்றுமையும் சேர்ந்தே நாக்கில் படியும். ஒன்று மட்டும் கவனம்: அவசரத்தில் உள்ளூர்க்காரர்கள் “ஐனென்” என்பதை “நென்” என்று விழுங்கிவிடுவார்கள். அந்த “நென்” காதில் விழுந்தால், அடுத்து வருவது ஆண்பால் பண்டம்.

“மிட்” (உடன்) வந்தால் வேற்றுமை மாறும். “மிட் மில்ஷ்” (பாலுடன்), “ஓனெ ட்ஸுக்கர்” (சர்க்கரை இல்லாமல்) என்று கேட்கும்போது ஆர்ட்டிக்கிளே கிடையாது, பயமில்லை. அடைமொழி சேர்த்தால்தான் வால் முளைக்கும்: மிட் கால்டெர் மில்ஷ் (குளிர்ந்த பாலுடன்), மிட் வார்மெம் வாஸர் (வெதுவெதுப்பான தண்ணீருடன்). இங்கே ஆண்பாலும் நடுப்பாலும் ஒரே முடிவைப் பெறுகின்றன, பாதித் தொல்லை குறைவு. ஆறாம் வேற்றுமையைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். ரொட்டிக் கடையில் அதற்கு வேலையில்லை.

கொஞ்சம் குறுக்குவழியும் உண்டு. சின்னது என்று காட்டும் “ஷென்” விகுதியில் முடிந்தால் நடுப்பால், இதற்கு விலக்கே இல்லை: ப்ரோட்ஷென் (சின்ன ரொட்டி). பன்மையிலும் அதே சொல்தான், “ட்ஸ்வை (இரண்டு) ப்ரோட்ஷென்”. கூட்டுச் சொல்லில் கடைசிச் சொல்லின் பாலே மொத்தத்துக்கும் பால். புட்டர்ப்ரேட்ஸெல் பெண்பால், ஏனென்றால் ப்ரேட்ஸெல் பெண்பால். புட்டர்ப்ரோட் (வெண்ணெய் ரொட்டி) நடுப்பால், ஏனென்றால் ப்ரோட் நடுப்பால். “எ” என்று முடியும் பண்டங்கள் பெரும்பாலும் பெண்பால்: ஸுப்பெ, டொமாட்டெ, பனானெ. ஆனால் சீஸ், அதாவது கேஸெ, முரண்டு பிடித்து ஆண்பாலாக நிற்கும். பழங்களும் பெரும்பாலும் பெண்பால்தான், ஆப்பிளும் பீச்சும் விலக்கு. மாதுளையின் பெயர் ஆப்பிளில் முடிவதால் அதுவும் ஆண்பால். நம் சமையலறைக்குத் தேவையான மிளகு, இஞ்சி, பூண்டு, பட்டை, கொத்தமல்லி ஐந்தும் ஆண்பால். மசாலா வாங்கப் போகும்போது இது கைகொடுக்கும். ஒயினும் ரம்மும் விஸ்கியும் ஆண்பால், பியர் மட்டும் நடுப்பால்.

பால் நினைவுக்கு வராவிட்டால் அளவுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். “ஐனெ தாஸெ கஃபே”, ஒரு கோப்பை காபி. இங்கே கோப்பையின் பால்தான் கணக்கு, காபியின் பாலை யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு வேண்டுமென்றால் “ட்ஸ்வை தாஸென் கஃபே”. ஆனால் பியருக்கு “ட்ஸ்வை க்ளாஸ் பியர்”, கிளாஸ் பன்மையாகாது. அளவாகச் சொல்லும்போது பெண்பால் சொல் பன்மை பெறும், மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். இதெல்லாம் நீளம் என்று தோன்றினால் “ட்ஸ்வை கஃபே, பிட்டெ” என்றாலே போதும், அவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களைக் குழப்பப்போவது இந்த ஊர்தான். பாடப்புத்தகத்தில் வெண்ணெய் பெண்பால், டீ புட்டர். ஸ்வாபியப் பேச்சு, அதாவது ஸ்டுட்கார்ட் வட்டார வழக்கு, உள்ள முதியவர்கள் “டேர் புட்டர்” என்பார்கள். கோலா வடக்கே பெண்பால், தெற்கிலும் ஆஸ்திரியாவிலும் நடுப்பாலாகவும் வழங்கும். தயிரை ஜெர்மனியில் பெரும்பாலும் “டேர் யோகுர்ட்” என்பார்கள், வியன்னாவுக்குப் போனால் “டாஸ் யோகுர்ட்”. தேர்வுத் தாளில் டீ புட்டர், டீ கோலா, டேர் யோகுர்ட் என்று எழுதிவிடுங்கள். கடையில் எதைச் சொன்னாலும் பண்டம் கிடைக்கும்.

அலுவலக மதிய இடைவேளையில் யாராவது உங்கள் இலக்கணத்தைக் கிண்டல் செய்தால், ரொட்டியில் தடவும் நுட்டெல்லாவுக்கு டேரா, டீயா, டாஸா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர்களுக்குள்ளேயே வழக்கு ஆரம்பித்துவிடும், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.