குரலைக் கேட்டவள் சொல்கிறேன்: இந்த வாரம் ராதிகா

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "குரலை வைத்தே பாதி நடிப்பைக் கொடுத்துவிடும் நடிகைகளில் ராதிகாவுக்கு முதல் வரிசையில் இடம் தருவேன்" என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றியே பேசிவிடுவோம். ராதிகாவோடு எனக்கு நேர்ப்பழக்கம் கிடையாது. 1983-லிருந்து கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசிப் பிழைத்தவள் நான். முதலில் கூட்டத்தில் ஒரு குரல், அப்புறம் தோழி, பக்கத்து வீட்டுக்காரி என்று சின்னச் சின்ன வேடங்கள். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எம்.ஆர். ராதாவின் மகள் என்பதால்தானே அவருக்குச் சினிமா சுலபமாகக் கிடைத்தது?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பெரிய பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் முதல் நாள் வாசல்வரை கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாரதிராஜா அவரைப் பாஞ்சாலியாக நிறுத்தியபோது, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெண் அவர். தமிழே சரளமாக வராத நேரம். அந்தப் பெண்தான் பாவாடை தாவணியில், ரயிலின் கடைசிப் பெட்டியில் காதலன் எழுதி அனுப்பும் சேதிக்காக ஓடிவந்து நின்றாள். கிராமத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்று ஊரே நம்பியது. அடுத்த ஆண்டு, 1979 செப்டம்பரில், எம்.ஆர். ராதா காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு வந்த நாற்பது ஆண்டுக்கும் மேலான பயணத்துக்கு அப்பா எப்படிப் பொறுப்பாவார்?

அப்பாவிடமிருந்து வந்த சொத்து ஒன்று உண்டு என்றால் அது தொண்டைதான். 'ரத்தக்கண்ணீர்' பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே வசனத்துக்குள் குரல் கரகரத்து இறங்கும், சட்டென்று கீச்சென்று ஏறும். மகளிடம் அந்த ஏற்ற இறக்கம் அடக்கமாக, வீட்டுக்குள் பேசுகிற அளவில் வந்து சேர்ந்தது.

'முதல் மரியாதை'யில் நடிகை ராதாவுக்குக் குரல் கொடுத்தது ராதிகா என்கிறார்களே, உண்மையா? முன்னணி நடிகை இன்னொரு நடிகைக்கு எதற்காகப் பேச வேண்டும்?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

உண்மைதான். 1985-ல் அந்தப் படம் வந்தபோது ராதிகா முன்னணிக் கதாநாயகி. திரையில் நிற்பதோ, ராதா நடித்த குயில் என்ற பரிசல்காரப் பெண். அந்தக் குயிலுக்குள் இருந்து கேட்கும் குரல் ராதிகாவுடையது. எதற்காகப் பேசினார் என்று கேட்கிறீர்கள். எப்படிப் பேசியிருப்பார் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

அப்போதெல்லாம் லூப் முறை. படச்சுருளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி, திரையில் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். உதடு எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று மனதில் பதியும்வரை பார்த்துக்கொண்டே இருப்போம். மற்ற எழுத்துகளில் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். 'ப'வும் 'ம'வும் உதடு ஒட்டும் எழுத்துகள், அவை விலகினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். இதைப் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது மூச்சு. திரையில் இன்னொருத்தியின் நெஞ்சு ஏறி இறங்கும், அந்த மூச்சை நாம் விட வேண்டும். அவள் வசனத்துக்கு முன்னால் எச்சில் விழுங்கினால் நாமும் விழுங்கியாக வேண்டும்.

அந்தப் படத்தைத் திரையரங்கில் இரண்டாம் முறை பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எதிரே பேசுவது சிவாஜி கணேசன். அவர் குரலுக்கு முன்னால் மற்ற குரல்கள் ஒன்று ஒடுங்கிப்போகும், இல்லையென்றால் போட்டிக்குக் கத்தும். குயிலின் குரல் இரண்டையும் செய்யவில்லை. அதில் குறும்பு இருந்தது, மரியாதை இருந்தது, ஒரு வார்த்தையை முடிக்காமல் விட்டுவிடும் தயக்கமும் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் தமிழ் தடுமாறிய பெண் இது. பாஷையைக் காதால் கற்றவர்களுக்குத்தான் அந்தத் தயக்கம் கைவரும் என்று நான் நினைக்கிறேன். ராதாவின் முகத்தையும் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கண்கள் இல்லாமல் அந்தக் குரலுக்கு வேலையே இல்லை.

'சிப்பிக்குள் முத்து' ஆஸ்கருக்குப் போனதா?
- ஒரு வாசகர், ஆரணி

ராதிகா நடித்த அந்தப் படத்தின் தெலுங்கு மூலமான, கே. விஸ்வநாத் இயக்கிய 'சுவாதி முத்யம்' இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இறுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை.

'கிழக்குச் சீமையிலே'யில் அத்தனை சின்ன வயதில் அம்மா வேடம் போட்டது தப்பு என்று என் கணவர் வாதாடுகிறார். உங்கள் தீர்ப்பு?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை, தீர்ப்பை நீங்களே சொல்லியிருக்கலாம். 1993-ல் அவருக்கு வயது முப்பதையொட்டி. அந்த வயதில் வளர்ந்த பெண்ணுக்குத் தாயாக நடித்துவிட்டால் மறுபடி நாயகி ஆக முடியாது என்று எந்த நடிகையும் பயப்படுவார். நியாயமான பயம்தான். ஆனால் விருமாயி வெறும் அம்மா வேடமா? அண்ணன் மாயாண்டியாக விஜயகுமார், புருஷன் சிவனாண்டியாக நெப்போலியன், நடுவில் கிழிபடுகிற பெண் அவள். படமே அவள் தோளில்தான் நிற்கிறது. அதில் "அண்ணே" என்ற ஒரு சொல்லை மட்டும் கவனித்துப் பாருங்கள். செல்லத்துக்கு ஒரு அண்ணே, கெஞ்சலுக்கு ஒரு அண்ணே, மானம் போகும் நேரத்தில் வேறொரு அண்ணே. உங்கள் கணவரிடம் படத்தை இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

'சித்தி' ஓடிய காலத்தில் நான் பிறக்கவே இல்லை. அப்படி என்னதான் இருந்தது அதில்?
- ஒரு கல்லூரி மாணவி, கோவை

1999 டிசம்பரில் சன் டிவியில் தொடங்கி 2001 நவம்பரில் முடிந்தது. அப்போது நான் வடபழனியில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தேன். ராத்திரி வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தால், இரண்டு பக்க ஜன்னலிலிருந்தும் அதே குரல் வரும். "கண்ணின் மணி" என்று நித்யஸ்ரீ பாடத் தொடங்கினால் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் உள்ளே ஓடுவார்கள். நான் படத்தைப் பார்த்ததைவிட, நடந்துகொண்டே காதால் கேட்ட நாட்கள்தான் அதிகம்.

கதை புதிதல்ல. ஏற்கெனவே பெண் குழந்தை இருக்கும் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போகிறாள் சாரதா. கணவராக சிவகுமார். சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று கதை கேட்டு வளர்ந்த வீடுகளில், தினமும் ஒரு நல்ல சித்தி வந்து நின்றாள். கோபம் வந்தால் மற்றவர்கள் குரலை உயர்த்துவார்கள், சாரதா தாழ்த்துவாள். தெருவில் நடக்கிற எனக்கு அந்த இடங்களில் ஒன்றும் கேட்காது. அப்படிக் கேட்காமல் போனாலே, உள்ளே ஏதோ பெரிய சண்டை என்று புரிந்துகொள்வேன்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் பேசுவதில்லை. அந்தத் தொடரின் முதலாளியும் அவர்தான், ராடான் என்ற தன் தயாரிப்பு நிறுவனம் வழியாக. தொலைக்காட்சியில் நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரத்தைத் தயாரிப்பாளரே பிடிக்க வேண்டிய முறை அது. வாரத்துக்கு ஐந்து பகுதி தயாராக வேண்டும். ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் அழுகைக் காட்சியில் நிற்பவரின் பணம்தான் போகும். அந்தக் கவலையோடு முகத்தில் சாரதாவைக் கொண்டுவந்தார் பாருங்கள், அதற்கே நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதற்குப் பிறகு 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான நாள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. எனக்கும் அந்தத் தொடர்கள் பெருகிய காலத்தில்தான் மாதம் தவறாமல் வேலை இருந்தது.

என் மகள் சீரியலில் நடிக்க ஆசைப்படுகிறாள். ராதிகாவைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளச் சொல்லட்டும்?
- ஒரு தாய், திருவாரூர்

தினமும் அரை மணி நேரம் தமிழை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா. படப்பிடிப்பில் காட்சித்தாள் பல சமயம் அன்றைக்குக் காலையில்தான் கைக்கு வரும். பக்கத்திலிருந்து ஒருவர் வசனத்தை எடுத்துக்கொடுக்க, அதைக் கேட்டுக்கொண்டே பேச வேண்டும். அந்தப் பழக்கத்தில் எல்லாருடைய குரலும் எடுத்துக்கொடுப்பவரின் குரல் மாதிரியே ஆகிவிடுகிற ஆபத்து உண்டு. கண்ணீருக்கு கிளிசரின் இருக்கிறது, குரலுக்கு ஒன்றும் கிடையாது.

'வாணி ராணி'யில் இரண்டு வேடத்தையும் எப்படி எடுத்தார்கள்?
- ஒரு வாசகர், நெய்வேலி

2013-லிருந்து 2018 வரை ஓடிய தொடர் அது. வாணி வக்கீல், ராணி குடும்பப் பெண், இரண்டும் ராதிகாதான். இரட்டை வேடக் காட்சிகளில், முதுகு தெரிகிற மாதிரி அதே உயரத்தில் இன்னொருவரை நிற்க வைத்து ஒரு பக்கம் எடுப்பது, உடை மாற்றி வந்து அடுத்த பக்கம் எடுப்பது என்பதுதான் எல்லாரும் செய்கிற முறை. இருவர் முகமும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும் என்றால் கேமராவை அசைக்காமல் இரண்டு முறை எடுத்து இணைப்பார்கள். தான் பேசாத வசனத்துக்கு, வெறும் சுவரைப் பார்த்து முகம் மாற வேண்டும்.

அந்தச் சமயத்தில் என் அம்மாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றில் ஏற்கெனவே பார்வை மங்கல். நாற்காலியை டிவிக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு, பூண்டு உரித்தபடி உட்கார்ந்திருப்பார். நான் வேண்டுமென்றே, "இப்போ பேசுறது யாரும்மா?" என்று கேட்பேன். "ராணிடி" என்பார் உடனே. "எப்படிம்மா தெரியுது?" என்றால், "வாணி மூச்சு விட்டுட்டுப் பேசுவா, இவ பேசிட்டுத்தான் மூச்சு விடுவா" என்றார். முப்பது வருடம் டப்பிங் பேசிய நான் அன்றைக்குத்தான் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டேன். அம்மா சொன்னது சரியாக இருந்தது.