கூம்புக் கருவிழி: ஸ்கேன் பற்றி நீங்கள் கேட்டவை

மகனுக்கு 15 வயது. வருடாவருடம் சிலிண்டர் பவர் (கண்ணின் சமமில்லாத வளைவைச் சரிசெய்யும் பவர்) ஏறுகிறது. டோப்போகிராபி (கருவிழியின் வளைவை வரைபடமாகக் காட்டும் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

தேவைதான், தள்ளிப் போடாதீர்கள். இந்த வயதில் பவர் மாறுவது சகஜம். ஆனால் சிலிண்டரோடு ஆக்ஸிஸும் (அந்தப் பவரின் கோணம்) மாறிக்கொண்டே இருந்து, புதுக் கண்ணாடி போட்டும் எழுத்துப் பலகையின் கடைசி இரண்டு வரி கலங்கலாகவே தெரிந்தால், கருவிழி (கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற படலம்) மெலிந்து கூம்பாகப் புடைக்கிறதா (கெரட்டோகோனஸ்) என்று பார்த்துவிட வேண்டும். எங்களுக்குச் சந்தேகம் பல நேரம் ரெட்டினாஸ்கோப் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் பார்க்கும் கருவி) பிடிக்கும்போதே வந்துவிடும். கண்ணுக்குள்ளிருந்து திரும்பும் ஒளி ஒரே பட்டையாக நகராமல் கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடும். டோப்போகிராபி அதை உறுதிசெய்யத்தான். ஒளி வளையங்கள் கருவிழியில் விழுந்து பிரதிபலிப்பதைப் படமெடுப்பார்கள், செங்குத்தாக வளைந்த இடத்தில் வளையங்கள் நெருங்கி நிற்கும்.

அப்புறம், பையன் கண்ணைக் கசக்குகிறானா? அலர்ஜி இருந்தால் அதற்கும் சேர்த்து மருத்துவம் பாருங்கள். கசக்கக் கசக்க கெரட்டோகோனஸ் மோசமாகும்.

வலிக்குமா?

வலிக்காது. தாடையை வைத்துச் சில நொடி இமைக்காமல் பார்த்தால் போதும். கருவிழித் தடிமனை அளக்கும் சில கருவிகள் மட்டும் கண்ணைத் தொடும், அதற்கு மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுவார்கள்.

ரிப்போர்ட்டில் 'கே மேக்ஸ் 49' என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது.

கே மேக்ஸ் என்பது கருவிழி மிக அதிகமாக வளைந்திருக்கும் இடத்தின் அளவு. சாதாரணக் கருவிழியின் வளைவு சராசரியாக 43, 44 டயாப்டர் (பவரின் அலகு) இருக்கும், அதனால் 49 என்றால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கண் வறண்டிருந்தாலோ இமை பாதி மூடியிருந்தாலோ படம் கெட்டுப்போகும். கருவிழியின் பின்பக்க வளைவு, மிக மெல்லிய இடத்தின் தடிமன் (நடுவில் சாதாரணமாக 540 மைக்ரான் சுமாருக்கு இருக்கும்) இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள், ஏனென்றால் ஒரு வருடத்துக்குள் கே மேக்ஸ் 1 டயாப்டருக்கு மேல் ஏறியிருந்தால்தான் பெரும்பாலும் 'வளர்கிறது' என்று சொல்லி கிராஸ் லிங்கிங் (கருவிழியை உறுதிப்படுத்தி வளர்ச்சியைத் தடுக்கும் சிகிச்சை) பேச்சை எடுப்போம். அதே மெஷினில் எடுத்ததாக இருந்தால் ரொம்ப நல்லது, மெஷினுக்கு மெஷின் எண் மாறும்.

காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு அப்படியே ஸ்கேனுக்குப் போகலாமா?

கூடாது. லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தையே மாற்றிவைத்திருக்கும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒரு வாரமாவது, கடின லென்ஸ் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரம் வரை இடைவெளி கேட்பார்கள். "காலையில்தான் கழற்றினேன்" என்று வருபவர்களைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கும் சங்கடம்.

ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை) செய்துகொள்ளலாமா?

அதை மட்டும் நம்பி வேண்டாம். ஆரம்ப நிலையில் ஸ்லிட் லேம்பில் எதுவும் தெரியாது. மாற்றம் பல நேரம் பின்பக்கத்தில்தான் தொடங்கும், அதைப் பார்க்க டோமோகிராபி (கருவிழியின் முன், பின் பக்கங்களையும் தடிமனையும் காட்டும் ஸ்கேன்) வேண்டும். ஏற்கெனவே மெலிந்த கருவிழியை லேசிக் இன்னும் மெலிதாக்கிவிடும். உடன்பிறந்த யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.