கம்பளி ஆடுகளுக்குப் போடும் உலர்புல்லில் பாதி வீணாகிறது. எப்படிக் குறைப்பது?

நீங்கள் புல்லைத் தரையில் கொட்டுகிறீர்கள், இல்லையென்றால் ஆட்டின் தலைக்கு மேலே சட்டம் கட்டி அதில் திணிக்கிறீர்கள். கேள்வியைப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது. தரையில் கொட்டினால் மிதித்து, புழுக்கை போட்டு, அதன் மேலேயே படுத்தும்விடும். அப்புறம் மோந்துகூடப் பார்க்காது.

ஆனால் எனக்கு ஆத்திரமெல்லாம் அந்த உயரச் சட்டத்தின் மேல்தான். எங்கள் பட்டியில் மைத்துனர் அப்படி ஒன்று கட்டிக்கொடுத்தார். "கீழே ஒரு துரும்பு கிடக்குதா பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை வேறு. கீழே எப்படிக் கிடக்கும்? சிந்தியதெல்லாம் ஆட்டின் பிடரியில் அல்லவா இருந்தது! அண்ணாந்து புல்லை உருவும்போது தூசியும் விதையும் தன் கழுத்திலும் பக்கத்து ஆட்டின் முதுகிலும் கொட்டும். கம்பளி கத்தரிக்க வந்தவர் மயிரைப் பிரித்துக் காட்டி, "மெத்தை தைக்கவா வளர்க்கிறீங்க?" என்று கேட்டார். வாங்குபவரும் கழுத்து மயிரை முழுசாக ஒதுக்கிவிட்டார். ஆலைகளில் கந்தக அமிலத்தில் முக்கி, சூடேற்றி, துரும்பைக் கரியாக்கி உதிர்த்து எடுக்கிறார்கள். கையால் நூற்பவர் என்ன செய்வார்?

நான் சட்டத்தைக் கழற்றிவிட்டு, பக்கமெல்லாம் பலகை அடைத்த தாழ்வான தொட்டி வைத்தேன். ஆடு சந்து வழியே தலையை மட்டும் நுழைத்துத் தின்னும். தலை உள்ளே இருக்கிற வரை வாயிலிருந்து விழுவது தொட்டியிலேயே விழும். அடியிலும் ஓட்டையில்லாத பலகை போடுங்கள். குதிரைமசால் என்ற தீவனப் பயிரைக் காயவைத்துப் போட்டால், அதன் சத்து பெரும்பாலும் இலையில்தான், காய்ந்த இலையோ தொட்டாலே உதிரும். எல்லா ஆடும் ஒரே நேரத்தில் தின்ன, வளர்ந்த ஆடு ஒன்றுக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். நெருக்கினால் தலையை வெளியே இழுத்துக்கொண்டு ஓடும், வாயில் புல்லோடு. அங்கோரா போன்ற கொம்புள்ள ஆடு என்றால் சந்தின் மேல்பக்கம் அகலமாக இருக்கட்டும்.

புல்லை அடைத்துத் தொங்கவிடும் வலைப்பைதான் சிறந்தது என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். குதிரைக்குச் சரி ஐயா, கொம்பு சிக்கித் தொங்கும் ஆட்டை நீங்கள் விடுவித்துப் பார்த்ததில்லை.

ஒதுக்கிய தண்டையும் தின்றே தீரவேண்டும் என்று பட்டினி போடாதீர்கள். சத்து குறைந்த நாட்களில் மயிரிழை மெலிந்து வளரும். பிறகு இழுத்தால் அந்த இடத்தில் அறுந்துபோகும். கொஞ்சம் மிச்சம் விழத்தான் செய்யும், எடுத்துப் படுக்கைக்குப் போடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீணாவது பட்டிக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. புல்லை எடைக்கு விற்காமல் கட்டுக் கணக்கில் விற்கிறார்களே, எண்ணிக்கை சரியாக இருக்கும், கட்டு மட்டும் வருஷா வருஷம் இளைக்கும். போதாக்குறைக்கு உருளையாகச் சுருட்டிய புல்கட்டுகளை மழையில் போட்டுவைத்துத் தலையில் கட்டுகிறார்கள். ஐந்தடி விட்டமுள்ள உருளையில் சுற்றிலும் வெளி அரையடி கெட்டாலே 36 சதவீதம் போயிற்று, வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எடை போடச் சொன்னால் நமக்குக் கஞ்சன் என்று பெயர். நான் தராசு வாங்கிவிட்டேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே நிறுத்துவிடுவேன், முகம் சுளிக்கிறவர் சுளிக்கட்டும்.