புதிதாகப் பொறியியல் சேர்ந்திருக்கும் உங்கள் பின்னணி என்ன? எந்தத் தொழில்நுட்பத்தில் ஆர்வம்?

எலக்ட்ரானிக்ஸ், முதலாமாண்டு. சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கவில்லை, போட்டி எதிலும் பரிசு வாங்கியதும் இல்லை. பின்னணி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது நானே எழுதிய ஒரு தப்பான நிரல்தான்.

முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி இதே கேள்வியைக் கேட்டார்கள். முக்கால்வாசிப் பேர் செயற்கை நுண்ணறிவு என்றார்கள். நானும் அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சத்தியமாக அப்போது எனக்கு எதிலும் ஆர்வம் கிடையாது.

பிறகு ஒரு சீனியர் அண்ணா சும்மா கிடந்த ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்றைக் கொடுத்தார், நாம் எழுதும் நிரலை ஓட்டும் குட்டிக் கணினி மாதிரி. ஒரு எல்இடி, ஒரு 220 ஓம் ரெசிஸ்டர். வினாடிக்கு ஒருமுறை விளக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். எழுதினேன், மினுக்கியது. சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தபோது சட்டென்று மினுக்கல் நின்று, விளக்கு மங்கலாக எரிய ஆரம்பித்தது. ரீசெட் செய்தால் மறுபடி ஒழுங்காக மினுக்கும், மறுபடி மங்கும். ஒயரை மாற்றினேன், எல்இடியை மாற்றினேன், ஒயர்களைச் செருகி இணைக்கும் ப்ரெட்போர்டையே மாற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் 33 வினாடி. லூஸ் கனெக்‌ஷனுக்கு மணி பார்க்கத் தெரியாதே!

குற்றவாளி 'இன்ட்', நிரலில் முழு எண்ணைச் சேமிக்கும் இடத்தின் வகை. அந்த போர்டில் இன்ட் என்றால் 16 பிட். 32,767-க்கு மேல் கொள்ளாது. கடைசியாக விளக்கு மாறிய நேரத்தை மில்லிவினாடியில் அதில்தான் சேமித்திருந்தேன். 33,000 வந்ததும் இடம் போதாமல் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் 32,536 ஆகிவிட்டது. இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்தால் 65,536. '1,000 தாண்டியதா?' என்ற கேள்விக்கு இனி எப்போதும் 'ஆம்' என்றுதான் பதில். விளக்கு ஓயாமல் அணைந்து எரிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு அது மங்கல். அதே கணக்கை லேப்டாப்பில் ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை, அங்கே இன்ட் 32 பிட். மைனஸ் இல்லாத, பெரிய எண்களைக் கொள்ளும் 'அன்சைன்ட் லாங்' வகைக்கு மாற்றினேன், தீர்ந்தது.

அண்ணாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு ஏரியான் 5 என்ற ஐரோப்பிய ராக்கெட் பற்றிப் படிக்கச் சொன்னார். 1996 ஜூன் 4, அந்த ராக்கெட்டின் முதல் பயணம். அதற்கு முந்தைய ஏரியான் 4-க்கு எழுதிய நிரலின் ஒரு பகுதியை இதிலும் வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்தில் ஒரு எண் 16 பிட்டில் அடங்கவில்லை. 40 வினாடி அளவில் திசைமாறி வெடித்தது. என் எல்இடியை அதோடு சேர்த்துப் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், தெரியும்.

ஆகவே இன்று கேட்டால் எம்பெடட் சிஸ்டம்ஸ் என்பேன், அதாவது கருவிகளுக்குள்ளேயே இருக்கும் குட்டிக் கணினிகள். மொத்த ராமே (தற்காலிக நினைவகம்) 2 கிலோபைட் உள்ள சிப்பில் ஒவ்வொரு பைட்டும் எங்கே போகிறது என்று பார்க்கப் பிடித்திருக்கிறது. சிப்பின் விவரக் கையேடான டேட்டாஷீட் பத்துப் பக்கம் படித்தால் இரண்டு பக்கம் புரிகிறது. நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயின்டர் பாதி புரிகிறது. சால்டரிங்கில் இன்னும் கை நடுங்குகிறது.

இப்போது ஒரு பட்டனோடு மல்லுக்கட்டு. ஒருமுறை அழுத்தினால் மூன்று என்று எண்ணுகிறது. உள்ளே உலோகத் தகடு துள்ளித் துள்ளித்தான் ஒட்டுமாம். 20 மில்லிவினாடி பொறுத்து இன்னொரு தடவை பார்க்கும்படி மாற்றினேன். ஒன்று என்று காட்டுகிறது, வேகமாகத் தட்டாத வரைக்கும்.